டோவர் கோட்டையில் ஈஸ்டர்: சாக்லேட் கைக்கு வருவதற்கு முன் செய்ய வேண்டியவை

2024 ஈஸ்டர் ஞாயிறன்று, இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடலோர ஊரான டோவரில், பிரயாரி ரயில் நிலைய நடைமேடையில் உட்கார்ந்து என் ஆறு வயது மகள் ஒரு மணி நேரம் அழுதாள். கோட்டையில் துப்புகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டில் பாதிக்கு மேல் முடித்திருந்தாள். மீதியையும் முடித்தால் சாக்லேட். "ரயிலுக்கு நேரமாகிவிட்டது" என்று நாங்கள்தான் இழுத்துக்கொண்டு வந்தோம். வந்து பார்த்தால் நேரமே ஆகவில்லை. அது எப்படி என்பதை ஏழாம் படியில் சொல்கிறேன்.

மறு ஆண்டு மீண்டும் போனோம், இந்த முறை மாமியாரோடும். எல்லாம் சரியாக நடந்தது. வேலைக்காகவோ படிப்புக்காகவோ லண்டனுக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், "வகுப்பில் எல்லோரும் ஈஸ்டருக்குக் கோட்டைக்குப் போகிறார்களாம்" என்று பிள்ளை வந்து நிற்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். கோட்டையின் வரலாறு அங்கேயே பலகைகளில் எழுதியிருக்கிறது. இங்கே பணம், நேரம், தாள்கள் மட்டும்.

1. யாருடைய கோட்டை என்று பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். இங்கிலாந்தில் கோட்டைகள் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லை. டோவர், கெனில்வொர்த், கார்லைல் போன்றவை இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பிடம் இருக்கின்றன. போடியம், கார்ஃப் இரண்டும் நேஷனல் டிரஸ்டிடம். வின்சர் கோட்டை அரச சேகரிப்பு அறக்கட்டளையின் கீழ். லண்டன் டவர் இன்னொரு அமைப்பிடம். வாரிக் கோட்டையை நடத்துவது ஒரு தனியார் கேளிக்கை நிறுவனம். ஒன்றின் உறுப்பினர் அட்டை மற்றொன்றில் செல்லாது. எங்கள் நண்பர் குடும்பம் நேஷனல் டிரஸ்ட் அட்டையோடு டோவர் வாசலில் போய் நின்று, முழுக் கட்டணம் கட்டி உள்ளே போயிற்று.

இன்னொரு வலை: லீட்ஸ் கோட்டை லீட்ஸ் நகரத்தில் இல்லை. கென்ட் மாவட்டத்தில், மெய்ட்ஸ்டோன் அருகே இருக்கிறது. லீட்ஸில் இருக்கும் உறவினர் வீட்டில் தங்கி அப்படியே பார்த்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள்.

ஈஸ்டர் விடுமுறையில் இவற்றில் பெரும்பாலானவை குழந்தைகளுக்கென ஏதாவது நடத்தும். இங்கிலிஷ் ஹெரிடேஜ் கோட்டைகளில் நடப்பதற்கு 'ஈஸ்டர் அட்வெஞ்சர் குவெஸ்ட்' என்று பெயர். ஒரு தாளைக் கொடுப்பார்கள். கோட்டை முழுவதும் நடந்து, ஒளித்துவைத்த துப்புகளைக் கண்டுபிடித்துத் தாளை நிரப்பிக் கொடுத்தால் இறுதியில் பரிசு. முட்டையைப் புல்லில் தேடிப் பொறுக்கும் விளையாட்டு என்று நினைத்துக் கூடையோடு போகாதீர்கள். நாங்கள் போனோம். கூடையில் கையுறைகளைப் போட்டுக்கொண்டு திரும்பினோம்.

2. நாளைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமையை அல்ல

ஈஸ்டர் தேதி ஒவ்வோர் ஆண்டும் நகரும். 2024-இல் மார்ச் 31, 2025-இல் ஏப்ரல் 20, 2026-இல் ஏப்ரல் 5, 2027-இல் மார்ச் 28. பள்ளி விடுமுறை இதையொட்டி ஏறத்தாழ இரண்டு வாரம் வரும், ஆனால் ஊராட்சிக்கு ஊராட்சி ஓரிரு நாள் மாறும். உங்கள் பிள்ளையின் பள்ளி தரும் நாட்காட்டியைப் பாருங்கள், பக்கத்துத் தெருப் பிள்ளையின் பள்ளியுடையதை அல்ல.

துப்புத் தேடும் விளையாட்டு ஞாயிறு ஒரு நாள் மட்டும் நடப்பதில்லை. பெரும்பாலும் விடுமுறை நாட்கள் முழுவதும் நடக்கிறது. இதை அறியாமல்தான் முதல் ஆண்டு ஞாயிற்றுக்கிழமையே போய் மாட்டிக்கொண்டோம். புனித வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் பொது விடுமுறை என்பதால் அந்த நான்கு நாட்களும் நாடே சாலையில் இருக்கும். ரயில்பாதைப் பராமரிப்பு வேலைகளையும் இந்த நாட்களில்தான் குவித்துவைப்பார்கள். ரயிலுக்குப் பதில் பஸ் என்று அறிவிப்பு வந்தால் பயணம் இரட்டிப்பாகும்.

இரண்டாம் முறை ஈஸ்டருக்கு முந்திய செவ்வாய்க்கிழமை போனோம். கூட்டம் இருந்தது, ஆனால் மூச்சு விட முடிந்தது. ஒரு நாள் விடுப்பு எடுக்க முடிந்தால் செவ்வாய், புதன், வியாழன் என்று ஏதாவது ஒரு நாளில் போங்கள்.

இன்னும் ஒன்று. மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். 2024-இல் ஈஸ்டரும் அதே நாளில் வந்தது. 2027-லும் அப்படியே வருகிறது. அன்று காலை 9 மணி ரயில் என்றால், உங்கள் உடம்புக்கு அது 8 மணி.

3. டிக்கெட்டா, உறுப்பினர் அட்டையா: கணக்குப் போடுங்கள்

டோவரில் பெரியவர் ஒருவருக்கான கட்டணம் 25 பவுண்டை ஒட்டி இருக்கும். குழந்தைக்கு அதில் பாதிக்குச் சற்று மேல். கூட்டமான நாட்களில் விலை ஏறும். முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கினால் வாசலில் வாங்குவதைவிடக் குறைவு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாணவர்களுக்கும் சலுகை உண்டு. உடற்குறையுள்ளவருக்குத் துணையாக வருபவரை இலவசமாக அனுமதிக்கிறார்கள். இரண்டு பெரியவர், மூன்று குழந்தைகள் வரை செல்லும் குடும்ப டிக்கெட்டும், பெரியவர் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு வந்தால் அதற்கேற்ற குடும்ப டிக்கெட்டும் உண்டு.

அடுத்தது இங்கிலிஷ் ஹெரிடேஜ் உறுப்பினர் அட்டை. ஒருவருக்கு ஓராண்டுக்கு 80 பவுண்டைச் சுற்றி வருகிறது. தம்பதியாகச் சேர்ந்தால் இரண்டு தனி அட்டைகளைவிடக் குறைவு. ஒவ்வோர் உறுப்பினரும் தம் குடும்பத்தைச் சேர்ந்த 18 வயதுக்கு உட்பட்ட ஆறு பிள்ளைகள் வரை இலவசமாக அழைத்துச் செல்லலாம். ஒரே ஒரு பெற்றோர் உறுப்பினராகி, அவர் மட்டும் பிள்ளைகளை அழைத்துப் போகும் வழக்கமுள்ள வீட்டுக்கு இது பெரிய ஆதாயம். அந்த அமைப்பிடம் 400-க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. ஸ்டோன்ஹெஞ்சும் அவற்றுள் ஒன்று.

எங்கள் கணக்கு இப்படித்தான்: ஓராண்டில் இரண்டு பெரிய இடங்களுக்குப் போனால் அட்டைக்குக் கொடுத்த பணம் கிட்டத்தட்டத் திரும்பிவிடும். மூன்றாவது முதல் லாபம். ஆண்டுக்கு ஒரு முறைதான் வெளியே போவோம் என்று உண்மையாகவே தெரிந்தால் குடும்ப டிக்கெட்டே போதும். பேராசைப்படாதீர்கள், ஜிம்முக்குச் சந்தா கட்டிய கதையாகிவிடும்.

பணம் கட்டும் பக்கத்தில் இரண்டு இடங்களில் விழிப்பாக இருங்கள்.

ஒன்று, நன்கொடை. ஒரே டிக்கெட்டுக்கு 'நன்கொடையோடு', 'நன்கொடையின்றி' என்று இரண்டு விலைகள் தெரியலாம். கொடுக்க விருப்பமிருந்தால் நல்லது; கட்டாயமில்லை. கூடவே 'கிஃப்ட் எய்ட்' என்ற கட்டத்தில் டிக் செய்யச் சொல்வார்கள். நீங்கள் இந்த நாட்டில் கட்டிய வருமான வரியிலிருந்து அரசு அந்த அமைப்புக்கு ஒரு பங்கு தரும் ஏற்பாடு இது. இங்கே இன்னும் வரி கட்டத் தொடங்காதவர்கள், எடுத்துக்காட்டாகப் பகுதிநேர வேலைகூட இல்லாத மாணவர்கள், அந்தக் கட்டத்தைத் தொடக்கூடாது. வரி போதாவிட்டால் அந்தத் தொகையை உங்களிடம் கேட்கலாம்.

இரண்டு, தானாகப் புதுப்பித்தல். உறுப்பினர் கட்டணத்தை வங்கிக் கணக்கிலிருந்து நேராக எடுக்கும் முறையில் கட்டினால் மறு ஆண்டும் தானாகவே எடுத்துக்கொள்வார்கள். வேண்டாம் என்றால், சேர்ந்ததிலிருந்து பதினோராம் மாதத்திலேயே எழுதிச் சொல்லிவிடுங்கள். நாட்காட்டியில் இப்போதே குறித்துவையுங்கள்.

துப்புத் தாளுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். நேஷனல் டிரஸ்ட் இடங்களில் நுழைவுக் கட்டணத்துக்கு மேல் குழந்தை ஒன்றுக்கு மூன்று பவுண்டு அளவில் கேட்பது வழக்கம். அட்டை வைத்திருந்தாலும் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

4. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

கடவுச்சீட்டும் விசா விவரமும் தேவையில்லை. டோவர் என்றதும் எல்லை, துறைமுகம் என்று பயந்து என் கணவர் முதல் முறை நான்கு கடவுச்சீட்டுகளையும் பையில் திணித்துக்கொண்டார். நாள் முழுவதும் ஒருவர் அந்தப் பையைக் கட்டிப்பிடித்தபடியே நடந்ததுதான் மிச்சம். கோட்டைக்குப் போவதற்கு யாரும் கேட்பதில்லை.

தேவைப்படுபவை இவை: டிக்கெட் மின்னஞ்சல் (படமாக எடுத்துத் தொலைபேசியில் சேமித்தது), உறுப்பினர் அட்டை அல்லது சேர்ந்ததை உறுதிசெய்யும் மின்னஞ்சல், சலுகை டிக்கெட் எடுத்திருந்தால் மாணவர் அட்டை அல்லது வயதைக் காட்டும் ஏதாவது, ரயிலில் போனால் ரெயில்கார்டு என்ற கட்டணச் சலுகை அட்டை. அட்டை தபாலில் வந்து சேர நாளாகும். ஈஸ்டருக்கு முந்திய வாரம் சேர்ந்துவிட்டு அட்டைக்காகக் காத்திராதீர்கள்.

5. ரயிலில் போவதானால்

செயின்ட் பாங்கிராஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் டோவர் பிரயாரிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் பக்கம் இருப்பவர்கள் செயின்ட் பாங்கிராஸ் வரை போகவே வேண்டாம். அதே ரயில் ஸ்ட்ராட்ஃபோர்ட் இன்டர்நேஷனலில் நிற்கிறது. விக்டோரியா, சேரிங் கிராஸ் நிலையங்களிலிருந்து கிளம்பும் சாதாரண ரயில்களுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம், கட்டணமும் குறைவு. குறைந்த விலை டிக்கெட்டை வாங்கிக்கொண்டு அதிவேக ரயிலில் ஏறக்கூடாது. டிக்கெட்டில் அதிவேகப் பாதைக்குச் செல்லும் என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

மிகப் பெரிய வலை, வங்கி அட்டையைத் தட்டிவிட்டு ஏறுவது. லண்டனுக்குள் ஆயிஸ்டர் அட்டையையோ வங்கி அட்டையையோ தட்டித் தட்டிக் கை பழகியிருக்கும். ஸ்ட்ராட்ஃபோர்டில் தட்டினால் கதவு திறக்கவும் செய்யும். ஆனால் டோவர் வரை அது செல்லாது. டிக்கெட் இல்லாமல் பயணம் செய்ததாக எடுத்துக்கொண்டு, பயணக் கட்டணத்தோடு 100 பவுண்டு அபராதம் போடலாம். 21 நாட்களுக்குள் கட்டினால் 50. தாளோ மின் டிக்கெட்டோ, முன்பே வாங்கிவிடுங்கள்.

குடும்ப ரெயில்கார்டு 35 பவுண்டு. பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், 5 முதல் 15 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு 60 விழுக்காடும் குறையும். நான்கு பெரியவர், நான்கு பிள்ளைகள் வரை சேர்ந்து பயணிக்கலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரையும் இதில் சேர்க்கலாம். நிபந்தனை, அந்த வயதில் குறைந்தது ஒரு பிள்ளை கூடவே வர வேண்டும். டோவர் தூரத்துக்கு ஒரே பயணத்தில் கார்டின் விலை பெரும்பாலும் திரும்பிவிடும்.

நிலையத்திலிருந்து கோட்டை இரண்டு கிலோமீட்டர்தான் என்று வரைபடம் சொல்லும். அந்த இரண்டில் பிற்பாதி மலையேற்றம் என்பதைச் சொல்லாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் குறைவு. மூன்று வயதுப் பையனைத் தோளில் சுமந்து அரை மணி நேரம் ஏறிய பிறகு கோட்டை வாசலில் எங்களுக்குக் கோட்டையைப் பார்க்கும் ஆசையே போய்விட்டது. நிலையத்திலிருந்து டாக்சி பிடியுங்கள். இறங்கும்போது நடந்துகொள்ளலாம்.

6. காரில் போவதானால்

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் மட்டும்தான் ஓட்டலாம். அதற்குள் இங்கத்திய உரிமம் எடுத்திருக்க வேண்டும். பிள்ளைக்கு 12 வயது ஆகும் வரை, அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரும் வரை, குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். வாடகைக் கார் எடுத்தால் இருக்கைக்குத் தனியாகக் கேட்பார்கள், முன்பே சொல்லிவையுங்கள்.

கிழக்கு லண்டனிலிருந்து போனால் டார்ட்ஃபோர்டில் தேம்ஸைக் கடக்க வேண்டும். அங்கே சுங்கச்சாவடியோ கதவோ எதுவும் இருக்காது. கேமரா படம் எடுத்துக்கொள்ளும். மறுநாள் நள்ளிரவுக்குள் 'டார்ட் சார்ஜ்' என்ற கட்டணத்தை ஆன்லைனில் நீங்களாகவே கட்ட வேண்டும். 2025 செப்டம்பர் முதல் காருக்கு ஒரு முறைக்கு 3.50 பவுண்டு, காலை 6 முதல் இரவு 10 வரை. திரும்பும்போது இன்னொரு 3.50. மறந்தால் 70 பவுண்டு அபராதம். நெடுஞ்சாலையில் சாவடிக்காகச் சில்லறை எண்ணிக்கொண்டே வந்து, சாவடியே வராததால் "இன்று இலவசம் போலிருக்கிறது" என்று மகிழ்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் என் வீட்டில்தான் இருக்கிறார்.

ஈஸ்டர் வாரத்தில் பிரான்சுக்குக் கப்பல் ஏறும் கார்களும் லாரிகளும் டோவர் சாலைகளை அடைத்துவிடும். துறைமுகம் தேங்கினால் எம்20, ஏ20 சாலைகளில் லாரிகளை வரிசைகட்டி நிறுத்திவைப்பார்கள். அதனால் எம்2 வழியாக ஏ2 பிடித்து வருவது நல்லது. டோவரை நெருங்கும்போது கோட்டைக்கான பழுப்பு நிறப் பலகையைத் தேடுங்கள். அது உங்களை ஏ258 சாலைக்குத் திருப்பும். திரும்பாமல் நேரே போனால் சரிவில் இறங்கி நேராகத் துறைமுக வாசலில் போய் நிற்பீர்கள். கப்பல் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு திரும்பி வர அரை நாள் போய்விடும்.

கோட்டை வளாகத்திலேயே வண்டி நிறுத்தலாம். ஆனால் பத்து மணிக்குத் திறக்கும்போது போய்ச் சேர்ந்துவிடுங்கள். எங்களுக்குப் பின்னால் பதினொன்றரைக்கு வந்த நண்பர்கள் இடம் தேடிச் சுற்றினார்கள்.

7. கோட்டைக்குக் கிளம்பும் முன் தொலைபேசியில் மூன்று மாற்றங்கள்

இனி அந்த அழுகையின் கதை.

டோவர் குன்றின் மேலிருந்து பிரான்ஸ் ஏறத்தாழ 34 கிலோமீட்டர். வானம் தெளிவாக இருந்தால் கரை கண்ணுக்கே தெரியும். கண்ணுக்குத் தெரிவது தொலைபேசிக்கும் தெரிகிறது. குன்றின் கடல் பக்கம் போனதும் நம் தொலைபேசி பிரெஞ்சு அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் பிரெஞ்சு நேரத்தையும் காட்டத் தொடங்கும். அது இங்கத்திய நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னே.

அன்று கடிகாரம் மாறும் நாள் வேறு. மூன்றே கால் மணி என்று நினைத்துக்கொண்டிருந்தபோது என் தொலைபேசி நான்கே கால் என்றது. கணவருடையதும் அப்படியே சொன்னது. "காலையில் மாற வேண்டிய நேரம் இப்போதுதான் மாறியிருக்கிறது" என்று இருவரும் அறிவாளிகளைப் போல முடிவு செய்தோம். நான்கே முக்காலுக்கு ரயில். துப்புத் தாளைப் பிடுங்கி மடித்து, மகளை இழுத்துக்கொண்டு சரிவில் ஓடினோம். நிலையத்துக் கடிகாரம் மூன்று நாற்பத்தைந்து காட்டியது.

மாதக் கடைசியில் ரோமிங் கட்டணமும் வந்தது. வாடிக்கையாளர் சேவையில் பேசியவர், "நீங்கள் பிரான்சில் இருந்தீர்கள்" என்று அடித்துச் சொன்னார். அரை மணி நேர வாதத்துக்குப் பிறகு பாதியைத் திருப்பித் தந்தார்கள்.

ஆகவே: தொலைபேசி அமைப்பில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். அலைவரிசையைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை அணைத்து, உங்கள் நிறுவனத்தையே நிலையாகத் தேர்ந்தெடுங்கள். நேர மண்டலத்தைத் தானாக மாற்றும் வசதியையும் அணைத்து லண்டன் என்று வையுங்கள். இவற்றை வீட்டிலேயே செய்யுங்கள். அன்று ஒருவராவது கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். மாமியாரின் பழைய எச்.எம்.டி. கடிகாரம் இரண்டாம் பயணத்தில் எங்கள் எல்லோரையும்விட அறிவாக நடந்துகொண்டது.

8. சாப்பாடும் உடையும்

ஈஸ்டர் ஞாயிறன்று இங்கிலாந்தில் பெரிய கடைகள் திறக்கக்கூடாது என்பது சட்டம். 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடை என்றால் மூடித்தான் ஆக வேண்டும். பெரிய சூப்பர்மார்க்கெட் எல்லாம் இதில் அடங்கும். "போகும் வழியில் வாங்கிக்கொள்ளலாம்" என்று நாங்கள் கிளம்பி, பூட்டிய கதவுகளைப் பார்த்துக்கொண்டே போனோம். சனிக்கிழமையே வாங்கிவையுங்கள். சிறிய மூலைக்கடைகளும் பெட்ரோல் நிலையக் கடைகளும் திறந்திருக்கும், விலையும் அதற்கேற்றபடி இருக்கும்.

கோட்டைக்குள் உணவகம் உண்டு. ஐந்து பேருக்கு அங்கே மதிய உணவு என்றால் இன்னொரு குடும்ப டிக்கெட் விலையை எட்டிப் பிடிக்கும்; வரிசையும் நீளம். புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடத் தடையில்லை. புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். காகிதத் தட்டு வேண்டாம். காற்று பிரான்சுக்கு அனுப்பிவிடும். மூடியுள்ள டப்பாக்களில் ஆளுக்கொன்றாகப் போட்டுவிடுங்கள்.

கடற்காகங்களிடம் எச்சரிக்கை. காகம் வடை திருடிய கதையை என் மகனுக்கு அதற்குமுன் சொன்னதில்லை. இனிச் சொல்லவும் வேண்டாம், தன் கையிலிருந்த வடையோடு நேரிலேயே பார்த்துவிட்டான். பாட்டுப் பாடச் சொல்லி ஏமாற்றவும் வழியில்லை, ஒரே விழுங்கு.

ஏப்ரல் என்றால் வசந்தம் என்று காலண்டர்தான் சொல்லும். குன்றின் மேல் கடற்காற்று காதைக் கடிக்கும். தொப்பி, கையுறை, மழைச்சட்டை மூன்றும் வேண்டும். குடை வேண்டாம், பயனில்லை. தரை கரடுமுரடான கல், ஏற்ற இறக்கம் மிகுதி. சேலை கட்டிய பெரியவர்களுக்கும் ரப்பர் அடியுள்ள ஷூ அவசியம்.

9. உள்ளே போனதும் எந்த வரிசையில் பார்ப்பது

நுழைந்ததும் கழிப்பறை. பிறகு துப்புத் தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் கேளுங்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே தாள் என்றால் மதியத்துக்குள் போர் மூளும். பென்சில் இரண்டு, தாளை வைத்து எழுத ஓர் அட்டை, இரண்டையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். நிரப்பிய தாளை எங்கே, எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும் என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்து உடனே போர்க்காலச் சுரங்கத்துக்குப் போங்கள். பெரும்பாலோர் முதலில் பெரிய கோபுரத்தைப் பார்த்ததும் அதை நோக்கி நடப்பார்கள். அந்த நேரத்தில் சுரங்க வரிசை குட்டையாக இருக்கும். 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து 3,38,000-க்கும் மேற்பட்ட வீரர்களை மீட்டார்களே, அந்த நடவடிக்கையைப் பிரிட்டிஷ் கடற்படையின் அட்மிரல் ராம்சே இந்தச் சுரங்கங்களிலிருந்துதான் நடத்தினார். அதனால் யாரும் இதைப் பார்க்காமல் திரும்புவதில்லை. குழு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மதியத்துக்கு மேல் காத்திருப்பு மட்டுமே அவ்வளவு நேரம் ஆகலாம். உள்ளே குண்டுச் சத்தம், மங்கிய வெளிச்சம். நிலத்தடி மருத்துவமனை என்று தனியாக ஒரு சுற்று உண்டு. அதில் விளக்கு துடித்து அணையும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பயப்படலாம். எங்கள் பையனோடு நான் வெளியே நின்றேன். கணவரும் மகளும் போய்வந்த பிறகு முறை மாற்றிக்கொண்டோம்.

பிறகு துப்புத் தேடல். கோட்டை வளாகம் பெரியது. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். இடையில் ரோமானியர் கட்டிய கலங்கரை விளக்கத்தருகே சாப்பாட்டை வைத்துக்கொண்டால் கூட்டம் குறைவு.

பெரிய கோபுரத்தைப் பிற்பகலுக்கு வையுங்கள். இரண்டாம் ஹென்றி 1180-களில் கட்டியது. உள்ளே அறைகளை அவர் காலத்தில் இருந்திருக்கக்கூடிய சிவப்பு, நீலம், மஞ்சள் நிறங்களில் அலங்கரித்திருக்கிறார்கள். விடுமுறை நாட்களில் பழங்கால உடையணிந்தவர்கள் நடமாடினால் பிள்ளைகள் பேச்சுக் கொடுக்கலாம், அதற்காகத்தான் அவர்கள் இருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது படிகள்: சுருள்படி, குறுகல், எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை. தள்ளுவண்டியை மேலே கொண்டுபோக முடியாது. கைக்குழந்தை என்றால் மார்போடு கட்டிக்கொள்ளும் துணி கொண்டுவாருங்கள். "திருச்சி உச்சிப்பிள்ளையாரையே ஏறிப் பார்த்தவள், இது என்ன பெரிய படி" என்று கிளம்பிய மாமியார் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அங்கே உட்கார இடமாவது இருந்தது" என்றார். முட்டி வலி உள்ளவர்களைக் கீழ்த்தளத்தோடு நிறுத்திவிடுங்கள், அங்கேயே பார்க்க நிறைய இருக்கிறது.

சுவர்கள் சில இடங்களில் ஆறு மீட்டருக்கும் மேல் தடிமன். உள்ளே தொலைபேசி எடுக்காது. பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று ஏறும் முன்பே பேசிவையுங்கள். கோபுர வாசல் முற்றம் வசதி.

10. பரிசும் பரிசுக் கடையும்

சாக்லேட் வாங்கும்போது பிள்ளைக்குப் பால், கொட்டை ஒவ்வாமை இருந்தால் உடனே சொல்லுங்கள். மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள். சைவ வீடுகளுக்கு ஒரு குறிப்பு: சாக்லேட்டில் பொதுவாகச் சிக்கலில்லை, ஆனால் கடைகளில் ஈஸ்டருக்கென்று குவித்திருக்கும் ஜெல்லி, மார்ஷ்மல்லோ வகைகளில் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். உறையில் அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள்.

வாசலுக்கு அருகே பரிசுக் கடை இருக்கும். மர வாள், கேடயம், கிரீடம் எல்லாம் சரியாக மூன்று வயதுப் பிள்ளையின் கண் உயரத்தில் வைத்திருப்பார்கள். வீட்டிலேயே தொகையைப் பேசி, அதைப் பிள்ளையின் கையில் நாணயமாகக் கொடுத்துவிடுங்கள். எங்கள் மகள் தன் பணத்தை மூன்று முறை எண்ணிவிட்டு வாளைத் திரும்ப வைத்துவிட்டாள். நான் வைக்கச் சொல்லியிருந்தால் கடையே அதிர்ந்திருக்கும்.

நான்கரைக்குக் கிளம்புங்கள். ஐந்து மணிக்கு எல்லோரும் ஒன்றாக வெளியேறும்போது சாலை நகராது. வீடு போய்ச் சேர்ந்ததும், ஷூவைக் கழற்றும் முன்பே, டார்ட் சார்ஜ் கட்டிவிடுங்கள்.